வராத பணம்: கேச்சியாவிலிருந்து செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை என்று படித்ததும்தான் மனசு ஆறியது. ஆனால் தறி உதிரி பாகத்துக்கு முன்பணம் அனுப்பி இரண்டு வருடமாகியும் சரக்கும் இல்லை, பணமும் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "சீனாவுக்குப் போன பணம் போனதுதான்" என்கிறாய். அப்படி விட்டுவிடாதே. நானும் இங்கே கோர்ட்டுப் படி ஏறிவிட்டு வந்தவன். அந்தக் கதையை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

ஜவுளிச் சந்தை ஊரான இந்தக் கேச்சியாவில் எனக்கு முதன்முதலில் கடனுக்குத் துணி கொடுத்தவர் ஒரு சாயப்பட்டறைக்காரர். அவர் மகள் கல்யாணத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்தவன். 2021இல் தொழில் முடங்கிப்போய் மூன்று லட்சம் யுவான் கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. 'ஜியேதியாவ்' என்று இங்கே சொல்லும் கடன் சீட்டை அவரே கைப்பட எழுதி, சிவப்பு மையில் பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார். அடுத்த சீனப் புத்தாண்டுக்குள் தருவதாகப் பேச்சு. வருடம் முடிவதற்குள் கடனை அடைத்துவிட வேண்டும் என்பது இவர்களுக்குத் தலைமுறை வழக்கம். அந்தப் புத்தாண்டு போனது, அடுத்ததும் போனது.

கேட்கக் கூச்சம். ஆனாலும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும், நம்மூர் வாட்ஸ்அப் மாதிரி இங்கே இருக்கிற வீசாட்டில் ஒரு செய்தி அனுப்பிவைத்தேன். அது பின்னால் எனக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது. இங்கே சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. நாம் கேட்டதற்கு ஆதாரம் இருந்தால், கேட்ட நாளிலிருந்து அந்த மூன்று வருடம் புதிதாக ஓடும். உன்னுடையது நாடு விட்டு நாடு நடந்த கொள்முதல், அதற்குச் சீனச் சட்டத்தில் நான்கு வருடம். இரண்டு போய்விட்டது, இன்னும் தள்ளிப்போடாதே. அப்புறம், பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதே. நீதிபதி பிரிண்ட்டை மட்டும் பார்த்து நம்புவதில்லை, செய்தி இருக்கிற அசல் போனையே காட்டச் சொல்கிறார்கள்.

2024இல் வழக்குப் போட்டேன். மூன்று லட்சத்துக்குக் கோர்ட்டுக் கட்டணம் 5,800 யுவான், தோற்றவர் தலையில் விழும். பணத்தை பேங்க் வழியாக அனுப்பியிருந்தேன், அது பெரிய பலம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சீட்டு மட்டும் போதாது, பணம் கை மாறியதையும் காட்டச் சொல்லிக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். சீட்டில் வட்டி எழுதவில்லை. எழுதாத வட்டி கிடையாது, கெடு தாண்டிய நாட்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. எழுதியிருந்தாலும் நம்மூர்க் கந்துவட்டி மாதிரி வாங்கிவிட முடியாது. 2020 ஆகஸ்டிலிருந்து, ஒரு வருடக் கடனுக்கான அடிப்படை வட்டியைப் போல நான்கு மடங்குதான் உச்சவரம்பு.

என் வக்கீல் சொன்னதில் ஒன்றை மறக்கவே மாட்டேன்: "முதலில் சொத்தை முடக்கு, பிறகு வாதாடு." வழக்கு ஓடும்போதே எதிராளி கணக்கைக் காலி செய்துவிடுவார். அதனால் ஆரம்பத்திலேயே மனுப் போட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் கொடுத்து, அவருடைய பேங்க் கணக்கையும் வீட்டில் அவர் பங்கையும் முடக்கினோம். கணக்கில் இருந்தது நாலாயிரம் யுவான். வீட்டை முடக்கியதுதான் உருப்படியான பிடியாக இருந்தது.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தும் பணம் வரவில்லை. தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லித் தனியாக மனுப் போட வேண்டியிருந்தது, அதற்கு இரண்டு வருடக் கெடு. அதன் பிறகு கோர்ட்டு அவர்மேல் செலவுக் கட்டுப்பாடு போட்டது. விமானம் ஏற முடியாது, அதிவேக ரயிலில் டிக்கெட் எடுக்க முடியாது, நட்சத்திர ஓட்டலில் தங்க முடியாது. கையில் பணம் இருந்தும் கட்டாதவர்களை 'லாவ்லாய்' என்பார்கள். அவர்கள் பெயரை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பட்டியலில் போடுகிறார்கள், 2013 முதல் இது நடக்கிறது. என் வழக்கு பட்டியல் வரை போகவில்லை. பெய்ஜிங்கில் அவர் மகளுக்குப் பிரசவம், டிக்கெட் எடுக்கப்போனபோது மறுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார்.

மறுவாரம் கோர்ட்டில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தோம். முன்பெல்லாம் அவர் பட்டறைக்குப் போனால் செய்கிற மாதிரியே, ஃபிளாஸ்க்கை எடுத்து முதலில் என் காகிதக் கப்பில் வெந்நீர் ஊற்றினார். கை நடுங்கி மேஜையில் சிந்தியது, சட்டைக் கையாலேயே துடைத்தார். மாதம் பத்தாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம், பயணத் தடையை நீக்க நானும் சம்மதித்தேன். இதுவரை ஏழு தவணை வந்திருக்கிறது. வழக்குப் போட்டதற்கு நான் வருந்தவில்லை செல்வம். ஆனால் அந்த ஈர மேஜை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆள் வைத்து மிரட்டி வாங்கலாமா என்று உன் பங்காளி கேட்டதாக எழுதியிருந்தாய். அது வேண்டவே வேண்டாம். கடன் வசூல் கம்பெனி நடத்துவதே இங்கே தடை. 2011 கடைசியில் யிவு என்ற வணிக நகரத்தில் ஒரு முதலாளி கடனை வைத்துவிட்டு ஓடிப்போக, அவரிடம் வேலை பார்த்த இரண்டு இந்தியர்களை உள்ளூர் வியாபாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகக் கோர்ட்டுக்குப் போன நம் தூதரக அதிகாரியே அங்கே மயங்கி விழுந்தார். இங்கிருக்கிற நம் ஆட்கள் அதை இன்னும் பேசுகிறார்கள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இன்வாய்ஸில் இருக்கிற ஆங்கிலப் பெயரை வைத்து யார்மேலும் வழக்குப் போட முடியாது. வட்டமான சிவப்பு முத்திரையில் நடுவில் நட்சத்திரம், சுற்றிச் சீன எழுத்து இருக்கும். அந்தப் பெயர்தான் கோர்ட்டுக்கு வேண்டும். பணம் போன கணக்கும் அதே பெயரில்தானா என்று பார். தனி ஆள் கணக்கோ ஹாங்காங் கம்பெனி கணக்கோ என்றால் யார்மேல் போடுவது என்பதே தனிச் சிக்கல். ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் நடுவர் மன்றம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துச் சொல். ஈரோட்டில் தீர்ப்பு வாங்கினால் அதை இங்கே நிறைவேற்ற இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் கிடையாது. அதனால், நடுவர் மன்றம் என்று எழுதியிருக்காவிட்டால், அந்தக் கம்பெனி இருக்கிற ஊர்க் கோர்ட்டுதான் வழி. நீ வர வேண்டியதில்லை. வக்கீலுக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, நோட்டரி, வெளியுறவுத்துறை, பிறகு சீனத் தூதரகம் என்று முத்திரை வாங்கி அனுப்பினால் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கே அந்தக் கம்பெனிக்கு, இவ்வளவு பணம், இந்தத் தேதிக்குள் திருப்பித் தா என்று ஒரு மெயில் எழுது. முத்திரை இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன், கையோடு கொண்டுபோகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். தங்கச்சிக்கு இங்கிருந்து பச்சைத் தேயிலை வாங்கி வைத்திருக்கிறேன், சித்திரையில் வரும்போது கொண்டுவருகிறேன்.

உன்
முருகேசன்