ஹிட்சம் கிராமத்தின் கதையை எழுதத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

விக்டோரியா அரசியார் காலத்தில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹிட்சம் என்ற கிராமத்துச் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள திருச்சபை வட்டாரம்) எப்படி நடந்தது என்று நான் எழுதிவந்த தொடர் இந்த மாதத்தோடு நிறைவடைகிறது. தனி ஆளாகச் செய்துமுடிக்கக்கூடிய வேலையே இல்லை இது. கைகொடுத்தவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஆவணக் காப்பகத்துப் பணியாளர்கள். நான் தேடிப் போனது ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவை. கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர். 1831-ல் இளைஞர் டார்வினை பீகிள் கப்பலுக்குப் பரிந்துரைத்தவர். 1837-லிருந்து 1861-ல் கண்மூடும்வரை ஹிட்சமின் குருவானவர். "அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று, இதையும் பாருங்கள்" என்று ஒரு பழைய திருமணப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார் அங்கிருந்த அம்மையார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி. பக்கத்தில் இன்னொருவர் எழுத்தில் 'இன்னாருடைய குறி' என்று இருக்கிறது. மாப்பிள்ளையும் குறி, பெண்ணும் குறி, சாட்சியும் குறி. தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக 'கூலியாள்'. பேனா பிடித்துப் பழகாத கை அழுத்தியதில் சில குறிகளைச் சுற்றி மை பரவியிருந்தது. ஹென்ஸ்லோ ஏன் ஊருக்கு வந்த சில ஆண்டுகளிலேயே பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்று அலைந்தார் என்பது அந்தப் பக்கங்களில் தெரிந்துவிட்டது. அம்மா, உங்களுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பள்ளியைப் பற்றிய பகுதிக்கு உதவியவர் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. ஹென்ஸ்லோ அந்தக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். கட்டாயம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் சேரலாம். ஆனால் நாக்கைச் சுழற்றும் நீளமான தாவரவியல் பெயர்கள் சிலவற்றைப் பிழையில்லாமல் எழுதிக்காட்டினால்தான் வகுப்பில் இடம். வேலியோரத்தில் பறித்த பூக்களைப் பிள்ளைகள் கொண்டுவந்து, பெயர்ச்சீட்டு ஒட்டிய சிறு குப்பிகளில் செருகி வைப்பார்கள். அந்த ஆசிரியை ஒரு காட்டுப்பூவைப் பிரித்து, இதழ், மகரந்தத்தாள், சூலகம் என்று மேசைமேல் வரிசையாக அடுக்கிக் காட்டியபோது, அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளின் ஆர்வம் எனக்கும் தொற்றிக்கொண்டது. தொடரில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் அதுதான்.

ஹென்ஸ்லோ கூலியாட்களுக்குச் சிறு துண்டுகளாகக் கொடுத்த குத்தகைத் தோட்டங்களைப் பற்றி விளக்கிய பெரியவருக்கும் என் வணக்கம். மண்ணை அறிந்தவர் அவர். வாரக் கூலி எட்டு ஷில்லிங் அளவில் இருந்த காலத்தில், உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைவிக்கத் தனக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். நிலம் வைத்திருக்கும் ஆளுக்கு வேலை தரமாட்டோம் என்று பண்ணைக்காரர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். ஹென்ஸ்லோ அசையவில்லை. தன் வருமானத்தில் பெரும்பகுதியைத் தசமபாகம் என்ற தேவாலய வரியாகத் தரும் பண்ணைக்காரர்களையே பகைத்துக்கொண்டு ஒரு குருவானவர் கூலிகளின் பக்கம் நிற்பது அந்தக் காலத்தில் சாதாரணமல்ல. அதற்காகவே அவர்மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு. அதே கூலி ஜனங்களைத்தான் அவர் ரயிலேற்றி 1854-ல் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டினார்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி, "குருவானவரின் கருணை சரி, அது எட்டாதவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டு எழுதினார். அந்தக் கேள்வியால் வந்ததுதான் செமர் ஏழையர் விடுதியைப் பற்றிய அத்தியாயம். 1834-ல் வந்த புதிய ஏழையர் சட்டத்தால், ஏழைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஊர்ச்சபையின் கையிலிருந்து பல ஊர்களைச் சேர்த்த ஒன்றியத்துக்குப் போனது. ஹிட்சம் சேர்ந்தது காஸ்ஃபர்ட் ஒன்றியத்தில். முதுமையிலோ வேலையில்லாமலோ அந்த விடுதிக்குப் போன குடும்பத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். அதை எழுதுவது கனத்தது. எழுத வைத்த அக்காவுக்கு நன்றி.

ஞானஸ்நானப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு என்று கோயில் சார்ந்த செய்திகளையெல்லாம் வரிவரியாகச் சரிபார்த்த திருநெல்வேலி நண்பருக்கும், பூட்டியிருந்த கோயிலைத் திறந்துவிட்டுக் குளிரில் கூடவே நின்ற சபை மூப்பருக்கும் தனித்தனியாக நன்றி.

தொடரை நூலாக்கும் வேலை நடக்கிறது. படியெடுத்த பதிவேட்டுப் பக்கங்கள் தேவைப்படும் ஆய்வு மாணவர்கள் தயங்காமல் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். ஹிட்சமுக்குப் போகிறவர்கள் கோயில் முற்றத்தில் ஹென்ஸ்லோவின் கல்லறையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நன்றியுடன்,
தொடரின் ஆசிரியர்