தைராய்டு மருத்துவர்களே, நோய் கட்சி மாறும் என்று முதல் நாளே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். "ஹாஷிமோட்டோ. வாழ்நாள் முழுக்க மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில்." உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கிச் சுரப்பைக் குறைக்கும் இந்த நோயைப் பற்றி உங்களில் பலர் இத்தோடு பேச்சை முடித்துவிடுகிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரிதான். ஆனால் இந்த நோய் போட்ட இடத்தில் கிடக்காது என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே!

பல வருடம் அந்தத் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் சாப்பிட்ட எனக்குத் திடீரென்று படபடப்பு, கை நடுக்கம். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 0.01க்கும் கீழே; அதாவது உடம்பில் தைராய்டு ஹார்மோன் அதிகம். "மாத்திரையை இரண்டு இரண்டாகப் போட்டீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அளவைக் குறைத்தார்கள், அப்புறம் நிறுத்தினார்கள். அதற்கும் அடங்காத பிறகுதான் டிஎஸ்எச் ஏற்பிக்கு (சுரப்பியில் டிஎஸ்எச் வந்து ஒட்டும் இடத்துக்கு) எதிரான ஆன்டிபாடியைச் சோதித்தார்கள். சுரப்பை அளவுக்கு மீறிக் கூட்டும் கிரேவ்ஸ் நோய்!

இரண்டும் கிரேவ்ஸ் என்ற மருத்துவர் 1835இலும் ஹாஷிமோட்டோ என்ற மருத்துவர் 1912இலும் தனித்தனியாக விவரித்த நோய்கள்தான். ஆனால் ஒரே உடம்பில் ஒன்று போய் இன்னொன்று வருவது அபூர்வமானாலும் உண்டு. அந்த ஏற்பியைத் தூண்டும் ஆன்டிபாடியும் இருக்கிறது, தடுக்கும் ஆன்டிபாடியும் இருக்கிறது. எதன் கை ஓங்குகிறதோ, சுரப்பி அந்தப் பக்கம் சாய்கிறது. கிரேவ்ஸ் அடங்கிய சிலருக்குப் பல வருடம் கழித்துச் சுரப்பு தானாகவே குறைந்துபோகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சியோ முதலில் சுரப்பைக் கூட்டி, பிறகு குறைத்து, பலருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகியும் விடுகிறது. அவர்களுக்கு மாத்திரையைக் குறைத்துப் பார்க்காமலே ஆயுள் முழுக்க எழுதித் தருவது என்ன நியாயம்?

டிஎஸ்எச்சை மட்டும் நம்பி மருந்தை மாற்றாதீர்கள். அதிகச் சுரப்பு அடங்கிய பிறகும் அது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் எழும்பாமலே கிடக்கும். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4ஐப் பார்க்காமல், சுரப்பைக் குறைக்கும் மருந்தான கார்பிமசோலைக் கூட்டினால் நோயாளி நேரே மறுபக்கம் போய் விழுவார். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறோமா என்றும் கேளுங்கள். முடி கொட்டினால் நாங்கள் முதலில் வாங்குவது அதைத்தான். சில ஆய்வக முறைகளில் அது இல்லாத கிரேவ்ஸை இருப்பதுபோலவே காட்டிவிடும்.

மருந்துச் சீட்டில் இரண்டு வரிக்கு இடமிருக்கும். படபடப்பு, எடை இறக்கம், கண் உறுத்தல் வந்தாலோ, மாத்திரை சாப்பிட்டும் சோர்வும் குளிரும் கூடினாலோ, அடுத்த தேதி வரை காத்திருக்காமல் வரச் சொல்லி அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் போய் வந்த ஒரு நோயாளி