எடை போட்டது போதும், எண்ணிப் பாருங்கள்

தொழிலாளர் நலனையும் காற்று மாசையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கலெக்டர் ஆபீஸ் எதிரில் பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது, நன்றி. காற்றின் தரம் வரம்புக்குள் இருக்கிறதாம், ஒரே வரி. மனுவோடு மூன்று நகல் கேட்டிருந்தீர்கள். அதையும் இதே மிஷினில்தான் போட்டேன்.

நான் கேட்டது தெருக் காற்றைப் பற்றி அல்ல. எட்டுக்குப் பத்து அடிக் கடை, கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே இரண்டு மிஷின் ஓடுகிறது. அந்தக் காற்றைப் பற்றிக் கேட்டேன். மிஷினுக்குச் சூடு ஆகாது என்று ஏசி போட்டதும், கதவைத் திறக்காதே என்று சொன்னதும் நான்தான். அந்தப் பழி என்னுடையது.

என் கடையில் ஆறு வருடமாக ஒரு பெண் வேலை பார்க்கிறாள். தாளை விரல் நுனியில் விசிறி எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காலேஜ் அட்மிஷன் சமயத்தில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் என்று கட்டுக்கட்டாக வரும். இந்த வருடம் நாற்பது தாளைத் தாண்டுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. கணக்குத் தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சரியாகிறது, திங்கள் மதியத்துக்குள் திரும்பிவிடுகிறது. டாக்டர் டஸ்ட் அலர்ஜி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மிஷினுக்கு வரும் சர்வீஸ் தம்பி முகக்கவசம் போட்டு, வேக்குவம் வைத்து உறிஞ்சி, ஃபில்டரையும் மாற்றிவிட்டுப் போகிறான். அவளுக்கு ஃபில்டர் எங்கே மாற்றுவது?

கண்ணுக்குத் தெரியும் கருப்புப் பொடி பெரிய விஷயமில்லை, தும்மினால் பாதி போய்விடும். ஓடும் மிஷினிலிருந்து 100 நானோமீட்டருக்கும் குறைவான துகள்களும் வெளியேறுகின்றன. தலைமுடிக் கனத்தில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இராது. நம் மூச்சுக்குழாயின் உள்சுவர் செல்களில் பொடி மயிர்கள் உண்டு. சளியில் ஒட்டிய தூசியை அவை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த நுண்துகளோ செல்லுக்கு உள்ளேயே போய்விடக்கூடியது. செல் தாங்காமல் ஆபத்து என்று ரசாயன சமிக்ஞை அனுப்ப, அந்த இடம் அழற்சி கண்டு சளி கட்டுகிறது. அமெரிக்காவில் ஆரோக்கியமான ஒன்பது பேரைப் பரபரப்பான ஜெராக்ஸ் கடையில் ஆறு மணி நேரம் உட்காரவைத்து, மூக்கைக் கழுவிய நீரைச் சோதித்தார்கள். அழற்சிக்கான அடையாளங்கள் கூடியிருந்தன. 2013-இல் வெளியான ஆய்வு. என் கடை பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கிறது.

உங்கள் வரம்பு, ஒரு கன மீட்டரில் நாள் சராசரி 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள்), எடைக் கணக்கு. ஒரே பொருளில், 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு ஈடு செய்ய 0.1 மைக்ரான், அதாவது 100 நானோமீட்டர் துகள் 15,625 வேண்டும். தராசில் இவை தெரியவே தெரியாது. உலக சுகாதார நிறுவனமே 2021-இல் இவற்றை எண்ணச் சொல்லிவிட்டது. நாள் சராசரியாக ஒரு கன சென்டிமீட்டரில் 10,000-ஐத் தாண்டினால் அதிகம் என்கிறது. அதனால்தான் கேட்கிறேன், எடை போடாதீர்கள், எண்ணிப் பாருங்கள்.

எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது என்று பேனர் வைத்திருக்கிறீர்கள். அதையும் படித்துவிட்டுத்தான், ஆதாருக்கு இரண்டு, ரேஷன் கார்டுக்கு இரண்டு என்று ஜனம் என் கடைக்கு வருகிறது. ஆன்லைனில் பதிந்த விண்ணப்பத்துக்கே பிரிண்ட் அவுட் கேட்கிறீர்கள். எனக்கு வியாபாரம்தான், குறை சொல்லக் கூடாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். துகளை எண்ணும் கருவியோடு ஒரு நாள் ஓர் ஆளை அனுப்புங்கள். எண்ணிப் பார்த்துவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு இத்தனை எக்ஸாஸ்ட் ஃபேன், மிஷினுக்கும் ஆளுக்கும் இவ்வளவு இடைவெளி என்று எழுத்தில் கொடுங்கள். என் செலவிலேயே செய்கிறேன்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தால் நல்லது. மனு நாள், இரண்டு மிஷினும் ஓடும். நகல் எதுவும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்