போதையும் விதியும்

ஆசிரியருக்கு,

குடித்துவிட்டு வண்டி ஓட்டி யார் மீதாவது மோதினால், ஓட்டியவருக்காக ஊரில் முதலில் எழும் பேச்சு, 'பாவம், போதையில் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை' என்பது. அடிபட்டவரைப் பற்றிக் கேட்டால், 'அவர் விதி அப்படி'. சரி, அப்போது தப்பு செய்தவர் என்று யாருமே இல்லையா?

சட்டம் இதை ஏற்பதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 85ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 23ஆவது பிரிவு. தனக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஊட்டப்பட்டவருக்குத்தான் அதில் விலக்கு. தானாகக் குடித்தவருக்கு இல்லை. நியாயம்தான். மூன்றாவது ரவுண்டில் நிதானம் போயிருக்கலாம். வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பியபோது நிதானமாகத்தானே இருந்தார்? ஆட்டோவில் போயிருக்கலாமே.

குடி நோயாக முற்றியவர்கள் கதை வேறு. அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும். அவர்கள் வண்டியும் வீட்டில் நிற்கட்டும்.

100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். அபராதம் கட்ட வரும்போதும் சிலர், 'என் நேரம் சரியில்லை சார்' என்கிறார்கள்.

- ஒரு வாசகர், கும்பகோணம்