கணவர் அதே துறையில் இருந்தால் மனைவிக்குக் கதவைச் சாத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணவனும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத் துறையில் இருந்தால் துறை குடும்பச் சொத்தாகிவிடும் என்று எங்கள் தஞ்சைப் பக்கத்தில் பலர் சொல்லக் கேட்கிறேன். பயம் நியாயம்தான். அதற்காக விண்ணப்பத்தையே ஓரங்கட்டுவது அநியாயம்.

பள்ளி ஆசிரியர் என்றால் கலந்தாய்வில் கணவர் ஊருக்குப் பக்கத்தில் மாறுதல் கேட்கலாம், பல்கலைக்கழக வேலையில் அந்த வழி இல்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டால், அதே பாடம் படித்த அடுத்தவர் போகக்கூடிய இடங்கள் தஞ்சாவூர், திருச்சி, சிதம்பரம் என்று விரல்விட்டு எண்ணலாம், அங்கேயும் விளம்பரம் எப்போது வருமோ; கடைசியில் முனைவர் பட்டம் வாங்கிய பெண் வருஷக்கணக்கில் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளுகிறார். பெரும்பாலும் மனைவிதான் விட்டுக்கொடுக்கிறார்.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. உயிர்வேதியியல் விஞ்ஞானி கெர்ட்டி கோரி கணவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தும் கணவர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதான் வாங்கினார், 1947-ல் நோபல் பரிசு இருவருக்கும் வந்தது. மரியா கெப்பர்ட் மேயர் கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்தார், 1963-ல் இயற்பியல் நோபல் பெற்றார்.

சரி, பயத்துக்கு என்ன வழி? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் தேர்வுக்குழுவில் துணைவேந்தர், பாட நிபுணர்கள் மூன்று பேர், துறைகளுக்கு மேலே இருக்கும் புலத் தலைவரான டீன் ஆகியோருடன் துறைத் தலைவரும் உட்காருகிறார். சிக்கல் அந்தக் கடைசி நாற்காலியில்தான். விண்ணப்பித்தவர் அவருடைய மனைவியோ கணவரோ என்றால் விண்ணப்பங்களை வடிகட்டும் கட்டத்திலிருந்தே அவர் விலகிக்கொள்ள வேண்டும், நேர்காணல் அன்று மட்டும் வெளியே போய் நின்றால் போதாது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் பதவி உயர்வு மதிப்பீடு, விடுப்பு எல்லாம் டீன் வழியாகப் போகட்டும். ஒரே ஆய்வு மாணவரின் குழுவில் இருவரும் உட்காரவே கூடாது, ஏனென்றால் வழிகாட்டியிடம் மனக்கசப்பு வந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள சின்னத் துறையில் இரண்டு ஓட்டு ஒரே வீட்டுக்குப் போகிறதே என்று மற்றவர்கள் வருந்துவதும் புரிகிறது, அப்படிப்பட்ட இடத்தில் கணவன் மனைவி தொடர்பான தீர்மானங்களில் இருவருமே வாக்களிக்காமல் இருக்கலாம்.

இதையெல்லாம் வேலை விளம்பரத்திலேயே பல்கலைக்கழகங்கள் அச்சிடட்டும். உறவைச் சொல்லத் தனிக் கட்டம் ஒன்று விண்ணப்பத்தில் இருக்கட்டும், அதை நிரப்பியவரின் மதிப்பெண் அதனால் குறையாது என்றும் எழுதிவிடட்டும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்