பூட்டியின் குடியைத் தேடி: ஆலய வண்ணக்கர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கோயில்களின் நிர்வாகத்தைப் பார்க்கும் மதிப்புக்குரிய வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையினருக்கும் வணக்கம்.

உங்கள் கோயில் அலுமாரிகளிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கும் பழைய கொப்பிகளைப் பற்றி எழுதுகிறேன். திருவிழாவுக்கு வரி எடுத்த கணக்கு, எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, எந்த நாள் என்ற ஒழுங்கு, வண்ணக்கர் தெரிவுக் கூட்டக் குறிப்பு, கோயில் உரிமையில் தங்கள் முறை கேட்டு வந்த கடிதங்கள். இவற்றைப் படம் பிடித்துப் பாதுகாக்கவும், நூறு வருசத்துக்கு முந்திய பக்கங்களையாவது தேடி வருவோருக்குக் காட்டவும் நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

என் பெத்தாவின், அதாவது பாட்டியின், தாயான பூட்டியைத் தேடுகிறேன். எருவில் பற்றுப் பக்கம் பிறந்தவர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வாழ்ந்து முடிந்தவர் என்பதற்கு மேல் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெண் தாய் வளவை விட்டுப் போகாத நாட்டில் அவர் ஏன் ஊர் மாறினார் என்பதற்கும் விடையில்லை. பெயர் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

கனடாவில் இருக்கும் மச்சாள் ஃபமிலிசேர்ச் தளத்தில் எங்கள் வம்சாவளியைத் தொடங்கினாள். பணம் கட்டத் தேவையில்லாத, பெரிய தளம். ஆனால் அது முதலில் குடும்பப் பெயரைக் கேட்கிறது. நமக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயர்; அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் தேடினால் ஞானஸ்நானப் பதிவு கிடைக்கும். 1908இல் கொழும்பில் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சிட்ட வம்சாவளிகள் கிடைக்கும். கோயிலில் தாலி கட்டிய நம் பூட்டிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இலங்கையில் 1867இலிருந்தே பிறப்பு, இறப்புப் பதிவு நடக்கிறது. என்றாலும் வழமைப்படி நடந்த கலியாணம் பதியாமலே செல்லுபடியானதால், பல பெண்களுக்கு விவாகப் பதிவே கிடையாது. நம் வீடுகளில் இருக்கும் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டனாருக்கும் பூட்டனாருக்கும் அதில் இடம் இருக்கிறது, பெத்தாவுக்கு இல்லை.

தேடுகிற மற்றவர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய திருக்கோவில், காரைதீவு, அக்கரைப்பற்றுப் பதிவுகளை மட்டக்களப்பின் கீழ்தான் தேட வேண்டும்.

எனக்கு வழி காட்டியது ஒரு சீதன உறுதி. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும் என்பதால், வீட்டுப் பிரதி கறையான் தின்றிருந்தாலும் தேடிப் பிடிக்க வாய்ப்புண்டு. நமது பக்கத்தில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறபடியால், தாயின் பெயரும் மகளின் பெயரும் ஒரே தாளில் நிற்பது சீதன உறுதியில்தான். எல்லை சொல்லும் வரிகளையும் விடாமல் வாசிக்க வேண்டும். தாய் வளவைப் பெண்மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பதால், கிழக்கே இன்னாருடைய வளவு என்று இருக்கிற அந்த இன்னார் பெரும்பாலும் கூடப்பிறந்தவளாகவோ அவள் புருசனாகவோ இருப்பார். எங்கள் உறுதியில் பூட்டியோடு அவருடைய தமையனும் சேர்ந்து ஒப்பமிட்டிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் வேண்டும். உங்கள் வரிக் கொப்பிகளில் இருப்பது ஆண்களின் பெயர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஓர் ஆண் எந்தக் குடியில் நிற்கிறாரோ அது அவருடைய தாயின் குடி, அவருடைய தங்கச்சியின் குடி. தமையன் பெயர் ஏதோ ஒரு கோயிலின் கொப்பியில் ஒரு குடியின் கீழ் இருந்தால், பூட்டியின் குடியும் தாய் ஊரும் தெரிந்துவிடும். உலகத்தில் வேறெந்தத் தளமும், எந்தக் கந்தோரும் இதைச் சொல்லாது. கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் போன்ற, பல ஊர்களுக்கும் பொதுவான தேசத்துக் கோயில்களில் தொடங்கி ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வரைக்கும், தாய்வழியை விடாமல் பிடித்து வைத்திருப்பவர்கள் நீங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்காயர்மாரும் குடிவழியாக வருகிற மரபுள்ளவர்கள் என்பதால், அவர்களிடமும் இதே வேண்டுகோளை வைக்கிறேன்.

ஒரு கோயிலில் கேட்டபோது, வெளியில் காட்டினால் முறை கேட்டு வழக்கு வரும் என்றார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. குடிப் பெருமையும் சாதிச் சண்டையும் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் நூறு வருசம் என்ற எல்லையைச் சொல்கிறேன். உயிரோடிருப்பவர் எவருடைய பெயரும் வெளியே போகக் கூடாது. இணையத்தில் போடுவதா, கோயிலிலேயே வைத்துக் காட்டுவதா என்பதைச் சபை தீர்மானிக்கட்டும். ஆனால் படம் பிடிப்பதைப் பிந்தப் போடாதீர்கள். 1978 நவம்பர் சூறாவளி எத்தனை கூரையைக் கொண்டு போனது என்பதை உங்களில் மூத்தவர்கள் கண்ணால் கண்டவர்கள். 1990இல் போருக்குப் பயந்து கைப்பெட்டியும் எடுக்காமல் ஓடினோம். 2004 கடல் வந்தது, 2011 தை மாதம் வெள்ளம் வந்தது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய கொப்பி உலகத்தில் அந்த ஒன்றுதான்.

பெரிய செலவு இல்லை. கொப்பியைக் கோயிலுக்கு வெளியே எடுக்கவும் தேவையில்லை. யன்னல் வெளிச்சத்தில் விரித்து, மட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒழுங்கு மாறாமல், வெற்றுப் பக்கத்தையும் விடாமல் கைபேசியில் எடுத்தாலே வாசிக்கலாம். ஒட்டிய தாளைப் பிரிக்க வேண்டாம். ஒரு பிரதி சபையிடம், இன்னொன்று வேறு ஊரில். 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனம் இத்தகைய ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வைக்கிறது. விரும்பினால் அவர்களிடமும் கேட்கலாம்.

கண்ணகி அம்மனின் வைகாசிச் சடங்குக்கு முந்திய பொதுக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். ஊர்ப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு நான் வருகிறேன். உங்கள் கண் முன்னாலேயே வேலை நடக்கும், கொப்பி உங்கள் கையிலேயே இருக்கும். எந்தக் கோயிலுக்கு எந்தக் கிழமை வரலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
படுவான்கரைப் பிள்ளை ஒருத்தி