மண்ணெண்ணெய் இல்லாத பருவத்தில் உடன்நின்றோருக்கு நன்றி மடல்

எமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க அங்கத்தவர்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், 2022ஆம் ஆண்டில் எம்மோடு நின்ற ஏனையோருக்கும் வணக்கம்.

தலைவர் பொறுப்பைக் கையளிக்கும் இவ்வேளையில், பொதுக்கூட்டத்தில் சொல்ல நேரம் போதாத நன்றியை எழுத்தில் பதிய விரும்புகிறேன்.

திருகோணமலைக் கரையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை உழைத்துச் சேர்ப்பதைக் கொண்டே எமது வீடுகள் மாரியைக் கடக்கின்றன. அந்த ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடோ அந்த மாதங்களிலேயே எம்மை முடக்கியது. எமது படகுகளின் பின்புறம் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு வேண்டிய மண்ணெண்ணெய் வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது.

கிடைத்த எண்ணெயைச் சங்கத்தில் ஒன்றாகச் சேர்த்து, முறைவைத்துச் சில படகுகளை மட்டும் அனுப்பி, பிடிபட்ட மீனில் கரையில் நின்றவர்களுக்கும் பங்கு கொடுப்போம் என்று நான் முன்மொழிந்தேன். கூடுதல் விலை கொடுத்தாவது எண்ணெய் வாங்க வசதியுள்ளவர்களுக்கு இந்த ஏற்பாட்டால் நட்டமே. அவர்கள் மறுத்திருந்தால் அது அன்றே குலைந்திருக்கும். கடுமையாக எதிர்த்த மூத்தவர் ஒருவர், கணக்குக் கொப்பி எவரும் எந்நேரமும் பார்க்கும்படி கரையிலுள்ள எமது வாடிக் கொட்டிலில் தொங்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு தம் கலனைக் கொண்டுவந்து வைத்தார். என் பேச்சை விட அந்தக் கொப்பியே சங்கத்தைப் பிளவுபடாமல் காத்தது என்பது என் மதிப்பீடு. அவருக்கும், இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் கணக்கெழுதிய பொருளாளருக்கும் கடமைப்பட்டுள்ளேன்.

தொழிலின்றி நின்ற எம் இளைஞர்களைக் கரைவலை இழுக்கச் சேர்த்துக்கொண்டு, பழகிய ஆட்களுக்குச் சமமாகப் பங்கு கொடுத்த, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமாருக்கு நன்றி. படகில் போகிறவனுக்குக் கரைவலைக் கயிற்றைப் பிடிப்பது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும் என்பதைக் கடற்கரையில் வாழ்பவர்கள் அறிவார்கள். ஆகவே முதலில் கயிற்றைப் பிடித்த பிள்ளைகளைத் தனியே பாராட்டுகிறேன்.

லொறிகள் வராத நாட்களில், எமது அவசரத்தைச் சாட்டி விலையைக் குறைக்காமல், சைக்கிளில் பெட்டி கட்டி வந்து மீன் எடுத்த கிண்ணியா வியாபாரிகளுக்கும், விற்காத மீனைக் கருவாடாக்கிய பெண்களுக்கும், அதற்கு உப்பைக் கடனாகத் தந்த கடைக்காரருக்கும் நன்றி.

அக்காலப் பங்கில் எவருக்கேனும் மீதி சேரவேண்டியிருந்தால், கொப்பி இப்போது புதிய பொருளாளரிடம் உள்ளது. தயங்காமல் பார்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
விடைபெறும் தலைவர்,
திருகோணமலை.